தம்ளரில் வந்த நண்டு

மகள் இறந்த பிறகு, அவள் வளர்த்த கடல்நீர்த் தொட்டியைத் தையல்காரர்தான் பார்த்துக்கொண்டார். பாறை இடுக்கில் ஒளிந்திருந்த ஒரு கறுப்பு நண்டு அவளுடைய பவளங்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்துத் தின்றது. கண்ணாடித் தம்ளரில் இறால் துண்டைப் போட்டுப் பாறையில் சாய்த்து வைத்தார். உள்ளே இறங்கினால் வழுக்கும், ஏறி வர முடியாது. காலையில் நண்டு சிக்கியிருந்தது.

“நண்டு கொழுத்தா வளையில தங்காதுன்னு சும்மாவா சொன்னாங்க?” என்றபடி தம்ளருக்குள் கையை விட்டார்.

இழுத்தபோது இடது கொடுக்கு ஒடிந்து கையோடு வந்தது. கொதிநீரில் போட்டுக் கொன்று, குப்பை வண்டியில் கொட்டினார்.

மறுநாளும் தம்ளரில் நண்டு இருந்தது. இடது கொடுக்கு இல்லை. அதையும் கொன்றார். அதற்கடுத்த நாள் அவர் இறாலே வைக்கவில்லை. அதே ஒற்றைக் கொடுக்கு நண்டு தானாக வந்து தம்ளருக்குள் உட்கார்ந்திருந்தது.

வெந்நீர் வைத்தார். மனைவி வந்து அடுப்பை நிறுத்தினாள்.

“வீடு தேடி வந்ததை எத்தனை தடவைங்க கொல்லுவீங்க?”

“விட்டா அவ வளர்த்ததுல ஒண்ணும் மிஞ்சாதுடி.”

“மிஞ்ச வேண்டாம். பசியோட வந்திருக்கா, தின்னட்டும்.”

அவர் தம்ளரைத் தொட்டித் தண்ணீருக்குள் மெல்லக் கவிழ்த்தார். நண்டு நேராக ரோஜா நிறப் பவளத்துக்குப் போயிற்று. இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்கள்.