விளிம்பிலிருந்து வெளுக்கும் கட்டி

கண்ணாடிக்கு அப்பால் எம்.ஆர்.ஐ. இயந்திரம் தடதடக்கிறது. அதன் குழலுக்குள் படுத்திருக்கும் தையல்காரரின் பாதங்கள் மட்டும் வெளியே தெரிகின்றன. அவர் கழற்றிக் கொடுத்த மோதிரத்தைத் தன் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு மனைவி அறை வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். அவர் ஈரலில் நெல்லிக்காய் அளவு கட்டி. அது புற்றா, தீங்கில்லாத ரத்தக்குழாய் முடிச்சா என்று தெரியாமல் ஒரு மாதமாக அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கையில் ஏற்றிய, படத்தில் வெள்ளையாகத் தெரியும் மருந்து ரத்தத்தோடு ஈரலுக்குள் பரவுவதை டாக்டரம்மாவும் டெக்னீஷியன் பெண்ணும் திரையில் பார்க்கிறார்கள். புற்றென்றால் பெரும்பாலும் கட்டி சட்டென்று வெளுத்துச் சட்டென்று மங்கிவிடும். இதுவோ விளிம்பில் மட்டும் திட்டுத்திட்டாக வெளுக்கிறது. "இன்னும் ஒரே தடவைங்கய்யா. மூச்ச இழுத்துப் பிடிச்சுக்கங்க," என்கிறாள் டெக்னீஷியன் மைக்கில். கடைசிப் படம் வருகிறது. வெண்மை நடுவரைக்கும் நிறைந்து, வடியாமல் அப்படியே நிற்கிறது. "வெறும் ரத்தக்குழாய் முடிச்சுதாம்மா. பயமில்ல," என்று டாக்டரம்மா நாற்காலியில் சாய்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறார்கள். அப்போது ஸ்பீக்கரில் திணறலாக ஒரு குரல் கேட்கிறது: "ஏம்மா, மூச்சு விடலாமா?" டெக்னீஷியன் நாக்கைக் கடித்துக்கொண்டு மைக்கை அழுத்துகிறாள். "விடுங்கய்யா. நல்லா விடுங்க."