மூச்சு வாங்காமல் வந்தவர்

திரையில் எண் வந்தது: முப்பது.

நர்ஸ் ஹெல்லே நோயாளி பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருந்தாள். குறைந்தது முந்நூறு வேண்டும்.

ரத்தத்தில் ஒரு வகை வெள்ளணு உண்டு. சாயம் ஏற்றிப் பார்த்தால் அதன் வயிறு நிறைய ஆரஞ்சு மணிகள் தெரியும். நுரையீரல் நோய்க்காரர்கள் சிலரிடம் இது கூட்டமாகச் சேர்ந்து, மூச்சுக்குழாயை வீங்கவைத்து, நோயைக் கிளப்பிவிடும். அதை அடக்கத்தான் புது ஊசி. அணு முந்நூறுக்குக் குறைவாக இருப்பவருக்கு அந்த ஊசியால் பலனில்லை, கொடுக்கவும் மாட்டார்கள்.

எதிரே உட்கார்ந்திருந்த ப்ரேபன், எஸ்பியர் துறைமுகத்தில் கப்பல்களுக்கு வெல்டிங் செய்தவர். நோய் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் அவரிடமிருந்து எதையாவது எடுத்துக்கொண்டுதான் அடங்கும். முதலில் படகு. அப்புறம் சைக்கிள். போன குளிர்காலத்தில் மாடிப் படுக்கையறை.

"என்னம்மா, பாஸா?" என்றார்.

இஸ்திரி போட்ட சட்டை, சிவந்த கன்னம். மேசையில் கிறிஸ்துமஸுக்கு வைத்திருந்த மிளகு பிஸ்கட் கிண்ணம் பாதி காலி.

"போதும், மானம் போகுது," என்றாள் அவர் மனைவி ஊல்லா. "முந்தாநாள்லேருந்து இப்படித்தாம்மா. என் பங்கு ரொட்டியையும் சேர்த்துத் தின்னுடறாரு. ராத்திரி தூங்காம கொட்டகையப் பெருக்குறாரு."

"இவளுக்குப் பொறாமை. வண்டி நிறுத்தின இடத்துலேருந்து எங்கயும் நிக்காம நடந்து வந்தேன்ல!"

ஊசி கிடையாது என்று பதியப்போன ஹெல்லேயின் கை நின்றது.

பசி. தூக்கமின்மை. திடீர்த் தெம்பு.

"நோய் கிளம்பினா மட்டும் போடுங்கன்னு ஒரு ஸ்டீராய்டு மாத்திரை குடுத்திருந்தோமே?"

ப்ரேபன் மெல்வதை நிறுத்தினார்.

"பெரிய டாக்டரப் பாக்க வரோம். வீட்டுக்கு ஆள் வந்தா கூட்டிப் பெருக்கி வைக்கிறதில்லையா? இருமிக்கிட்டே வந்து நிக்க ஒரு மாதிரி இருந்துச்சு."

நன்றாகத்தான் பெருக்கியிருக்கிறார். அந்த மாத்திரை உள்ளே போன சில மணி நேரத்தில் ஆரஞ்சு மணி அணுக்கள் ரத்தத்தை விட்டே போய்விடும்.

முப்பதுக்குப் பக்கத்தில் 'செல்லாது' என்று தட்டினாள் ஹெல்லே.

"ஒரு மாசம் கழிச்சுத் திரும்ப ரத்தம் எடுப்போம். நெசமாவே நோய் கிளம்பினா மாத்திரையப் போட்டுட்டு உடனே என்னைக் கூப்பிடுங்க. இல்லன்னா தொடக்கூடாது."

கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு இருமிக்கிட்டே வாங்க."