முதலில் திரும்பியவர்

அவளுக்குப் பின்னால் பந்து ஓடிக்கொண்டிருந்தது.

அவள் அதைப் பார்க்கக் கூடாது. கூட்டத்தைப் பார்த்தபடி நிற்பதுதான் அவள் வேலை. மஞ்சள் மேல்சட்டை. கையில் வாக்கி டாக்கி. முதுகில் பெரிதாக 114. நான்கு வருடமாகக் கால்பந்து மைதானத்தின் வடக்கு கேலரிக்குக் கீழே அதே காவல் இடம்.

காசிமேட்டில் அவள் தெருவுக்கே வயிற்றெரிச்சல். ஓசியில் மேட்ச் பார்க்கிறாளாம்.

இதுவரை அவள் ஒரு கோல்கூடப் பார்த்ததில்லை.

முகங்களைத்தான் பார்ப்பாள். ஆயிரம் வாய் ஒன்றாகத் திறந்தால், பந்து எதிராளியின் கோலுக்குப் பக்கத்தில். ஆயிரம் கை தலைக்குப் போனால், தவறிவிட்டது. மூன்றாவது வரிசை ஓரத்து சீட்டில் சூசை துண்டைக் கடித்தால், பெனால்டி.

சூசை அவள் புருஷன்.

இன்று முகங்களில் எதையும் படிக்க முடியவில்லை. யாரும் பந்தைப் பார்க்கவில்லை. கேலரியில் டிரம் அடிப்பவரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த சீசன் டிக்கெட்டின் விலையை கிளப்காரர்கள் ஒரே மூச்சில் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவனும் மீன் விற்கிறவளும் உட்காரும் கேலரி அது. விலையை ஏற்றியவர்கள் அதே கேலரிக்கு மேலே, கண்ணாடி அறைக்குள் ஏசியில் இருந்தார்கள்.

இருபதாவது நிமிடம் டிரம் நிற்கும். எல்லோரும் ஒன்றாக எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டி, அந்தக் கண்ணாடியைப் பார்ப்பார்கள். கத்தக் கூடாது, கல் எறியக் கூடாது, வெறுமனே பார்க்க வேண்டும். காலையில் செருப்புக்கு ஆணி அடித்தபடி சூசைதான் இதைச் சொன்னான். இன்றைக்கு எங்கள் முகம் ஒன்றுகூட உனக்குத் தெரியாது பார் என்று கேலி வேறு.

புதுச் செருப்பு வாங்கச் சொன்னால், சீசன் டிக்கெட் எடுத்த பிறகு என்பான். நான்கு வருடமாக அதே பதில், அதே செருப்பு.

விஷயம் சூப்பர்வைசர் தணிகாசலத்தின் காதுக்கும் எட்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் தலைகள்தான் தெரியும், சீட் நம்பர் கீழே நிற்பவர்களுக்குத்தான் தெரியும் என்றார். முதலில் திரும்புகிறவனின் நம்பர் ஒன்று போதுமாம். அவனைத் தூக்கிவிட்டால் மற்றவர்கள் தானாக உட்கார்ந்துவிடுவார்களாம்.

கேட்டுக்குப் பக்கத்தில் போலீஸ் வேன் ஒன்று நின்றது. பின்கதவு திறந்தே இருந்தது.

டிரம் நின்றது.

யாரும் எழவில்லை.

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒன்றாக எழுவது என்று பேசியிருந்தார்கள். பேச்சு பேச்சோடு நின்றுவிடும் போலிருந்தது. அப்படியே நின்றுவிடட்டும் என்று அவள் மாதாவை வேண்டிக்கொண்டாள்.

மூன்றாவது வரிசை ஓரத்தில் ஒருவன் எழுந்தான்.

கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவனிடம்கூட எதிர்த்துப் பேசாத ஆள். அவளை ஒரு தரம் பார்த்தான். பிறகு திரும்பிக்கொண்டான்.

தினமும் அவள் தைலம் தேய்த்துவிடும் முதுகு. ஆயிரம் முகங்களுக்கு நடுவில் அது ஒன்று மட்டும் முதுகாக நின்றது. அவள் கண் கேட்டுப் பக்கத்து வேனுக்குப் போய்த் திரும்பியது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்புறம் இன்னொரு முதுகு. பத்து. நூறு. கேலரி முழுக்க முதுகு.

மைதானம் ஓய்ந்துபோனது. பந்தை உதைக்கும் சத்தம் அவளுக்கு முதல் தடவையாகக் கேட்டது.

அந்த முகங்களில் இப்போது என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்குள் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்து பின்னால் நகர்ந்தார்கள்.

வாக்கி டாக்கி கரகரத்தது. தணிகாசலம்.

"மொத ஆளு நம்பர் சொல்லும்மா."

சி முப்பத்தொன்று. அவளுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். சூசைக்குக் கிடங்கில் வேலை இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான். அதுவும் தணிகாசலம் கையெழுத்துப் போட்டால்தான்.

"நீ பாத்துக்கிட்டுதான் நிக்கிற. மேல இருந்து எனக்குத் தெரியுது. நம்பர்."

அவள் பொத்தானை அழுத்தினாள்.

"நான் யாரையும் பாக்கல சார்."

பொய்தான். அது பொய்யாக இருக்க வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ, அவளும் கேலரிக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

எவ்வளவு பச்சை. நான்கு வருடமாக இது முதுகுக்குப் பின்னாலேயே இருந்திருக்கிறது. டிவியில் பார்த்ததைவிடச் சின்னதாகவும் கிட்டத்திலும் இருந்தது. நம் பையன் ஒருவன் தனியாக ஓடினான். கோல்கீப்பர் தப்பான பக்கம் விழுந்தான். பந்து வலைக்குள் போய்ச் சுற்றி நின்றது.

அவள் பார்த்த முதல் கோல்.

யாரும் கத்தவில்லை. அடித்தவன் கையைத் தூக்கிக்கொண்டு கேலரியை நோக்கி ஓடி வந்தான். பாதி வழியில் கையை இறக்கினான்.

வாக்கி டாக்கியில் தணிகாசலத்தின் குரல் வந்தது. அவளிடம் பேசவில்லை. அவள் முதுகில் இருந்ததைப் பக்கத்தில் யாருக்கோ நிதானமாகப் படித்துக் காட்டினார்.

"நூத்திப் பதினாலு."

அந்த அமைதியில் அது கேலரி முழுக்கக் கேட்டிருக்கும்.

வேனிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள்.

அவளுக்குப் பின்னால் ஆயிரம் ஜோடிக் கால்கள் சிமெண்டில் தேய்ந்து திரும்பின. பிறகு ஆணி அடித்த செருப்பின் சத்தம்.

வராதே, வராதே என்று நினைத்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது வரிசையிலிருந்து கீழே வர மூன்று படிதான்.

ஒன்று கேட்டது.

இரண்டு கேட்டது.