இட்லித் துணி முக்காடு

நியூயார்க்கில் இரட்டைக் கோபுரங்கள் இடிந்த மறுவாரம், சான்டா கிளாரா மளிகைக் கடை வாசலில் அமெரிக்கக் கொடி கட்டாத கார் சயந்தினியுடையது மட்டும்தான். கொடிக்கு வணக்கம் வைக்காத, அடித்தாலும் திருப்பி அடிக்காத மென்னோனைட் என்ற கிறிஸ்தவ சபையில் அவள் சேர்ந்து ஒரு வருஷமாகிறது. சபைப் பெண்கள் அணியும் வெள்ளை முக்காடு அவள் தலையில் இட்லித் துணி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் கொத்தமல்லிக் கட்டோடு தோழி ஆஸிபா. தன் முக்காட்டைக் காலையிலேயே கழற்றிக் கைப்பைக்குள் திணித்துவிட்டவள். சாய்ந்த வெயிலில் கண்ணாடி பளபளக்க ஒரு பிக்கப் டிரக் இரண்டாம் முறையாகச் சுற்றி வருகிறது. அதன் முதுகில் கொடி படபடவென்று அடித்துக்கொள்கிறது. “அதைக் கழட்டுடி சயந்தினி, உன்னத்தான் பாக்கறானுங்க.” “கழட்டினா என்ர தலைமயிரைப் பாத்து இன்னும் பயந்துபோவினம்.” சிரித்தபடியே கார்ச்சாவியைத் தேடி எடுக்கிறாள்.

டிரக் அவர்கள் காரை மறித்து நிற்கிறது. கண்ணாடி இறங்குகிறது. “யூ முஸ்லிம்?” என்று உள்ளேயிருக்கும் தொப்பிக்காரன் சயந்தினியைக் கேட்கிறான். இல்லை என்று ஒரு சொல் போதும். பொய்கூட இல்லை, பொய்யும் சொல்லாத சபைதான் அவளுடையது. ஆனால் அந்த உண்மையைச் சொன்னதும் அவன் கண் அடுத்து யார்மேல் திரும்பும் என்பது அவளுக்குத் தெரியும். ஆஸிபா கைப்பையை மார்போடு அணைத்துக்கொள்கிறாள். சயந்தினி நழுவிய ஊசியைக் குத்தி முக்காட்டைச் சரிசெய்கிறாள். ஓரடி நகர்ந்து, ஆஸிபாவை மறைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் நிற்கிறாள். டிரக்கின் இரண்டு கதவுகளும் திறக்கின்றன.