பேர மட்டும் மாத்திடும்மா

மௌஸை இழுத்துக் கடிதத்தில் இருந்த தன் பெயரைத் தொட்டாள். திரையில் அது நீலமானது.

இனி ஒரு விசை அழுத்தினால் போதும். போய்விடும்.

அழுத்தவில்லை.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் போனில் சிரித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் முன்பு அவளிடமும் இப்படிச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"பேர மட்டும் மாத்திடும்மா. ஹரிஷ்வர்தன்னு போட்டுடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும், நல்லா எழுதியிருக்க."

நல்லா எழுதியிருக்கிறாளாம்.

ஜப்பானுக்கு ஆறு மாதம். ஆய்வு மாணவர் பரிமாற்றம். அவர்கள் ஆள் ஒருவர் இங்கே வருவார், நம் ஆள் ஒருவர் அங்கே போவார். வருடத்துக்கு ஒரே இடம். வயது முப்பத்திரண்டைத் தாண்டக் கூடாது.

அவளுக்கு இப்போது முப்பத்திரண்டு.

"ஒனக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றும் சொல்லியிருந்தார். அடுத்த வருடம் எதைப் பார்ப்பது? அவர் முகத்தையா?

இந்தத் துறையில் பரிந்துரைக் கடிதம் யாருக்கு வேண்டுமோ அவர்களே எழுதிக்கொள்ள வேண்டும். பேராசிரியருக்கு நேரம் கிடையாது. பச்சை மையில் கையெழுத்து போடுவதோடு அவர் வேலை முடிந்தது. ஏழு வருடமாக அவருடைய கடிதங்களை அடித்துக் கொடுப்பவள் அவள்தான். ஒன்றைக்கூட அவர் படித்துப் பார்த்ததில்லை.

தன்னைப் பற்றித் தானே எழுதக் கூச்சமாக இருந்தது. மூன்று நாள் எழுதினாள். மிகச் சிறந்த, ஈடு இணையற்ற என்று ஆங்கிலத்தில் என்னென்ன உண்டோ எல்லாவற்றையும் எழுதி, எல்லாவற்றையும் அழித்தாள். நடந்ததை மட்டும் வைத்தாள்.

அலையாத்திக் காட்டில், இடுப்பளவு சேற்றில், பதினோரு மாதம்.

இருநூற்றுப் பதினான்கு சேற்று நண்டுகள். ஒவ்வொன்றின் ஓட்டிலும் அவள் ஒட்டிய எண். முட்டை சுமந்த நண்டு எந்த நீரோட்டத்தில் கடலுக்கு இறங்குகிறது என்று கண்டுபிடிக்க அவ்வளவும்.

இரண்டு முறை டைபாய்டு வந்தது. அதை எழுதவில்லை.

ஹரிஷ்வர்தன் பல்கலைக்கழகப் பதிவாளரின் மைத்துனர் மகன். துறையில் சேர்ந்து எட்டு மாதம். படகுத்துறை வரை ஒரு நாள் வந்தான். வெள்ளை ஷூ. சேற்றைப் பார்த்தான். கரையில் நின்றே நாலு படம் எடுத்துக்கொண்டு காரில் ஏறிவிட்டான். கெட்ட பையன் இல்லை. எங்கே பார்த்தாலும் "சாப்ட்டீங்களாக்கா" என்பான்.

கோபம் அவன் மேல் இல்லை.

ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. தன்னுடையதை அல்லவா தூக்கிக் கொடுக்க வேண்டும்? இவள் விரலில் நண்டு கவ்விய தழும்பைக்கூடத் தூக்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார். அதையும் சிரித்துக்கொண்டே.



போன வருடம் ஜப்பானிலிருந்து வந்தவள் மிசாகி. விடுதியில் ஆறு மாதமும் இருவருக்கும் ஒரே அறை. கிளம்புகிற அன்று தரையில் ஒரு காகிதத்தைப் போட்டு, இவள் காலை அதன்மேல் வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்து எடுத்துக்கொண்டு போனாள். இந்த அளவுக்குச் சேற்றுக் காலணி வாங்கி வைப்பாளாம்.

உள்ளே போய்க் கத்தலாம். கத்தினால் ஆய்வேட்டில் பச்சைக் கையெழுத்து விழாது. ஏழு வருடம் சேற்றோடு போகும்.

மணி மூன்றரை. கூரியர் ஆள் நாலுக்கு வருவான்.

அழுத்தினாள். அவள் பெயர் போனது. அவன் பெயரை அடித்தாள்.

முதலிலிருந்து படித்தாள். பெயர் மாறியதும் கடிதத்தில் ஒரு வரிகூட உண்மையாக இல்லை.

பொய்யை அடித்துக் கொடுக்கிற வேலை அவளுடையது இல்லை.

பதினோரு மாதம் என்பதை ஒரு மதியம் என்று மாற்றினாள். இருநூற்றுப் பதினான்கை எடுத்துவிட்டுப் பூஜ்யம் போட்டாள். வெள்ளை ஷூவைச் சேர்த்தாள். அது வெள்ளையாகவே திரும்பிப் போனதையும் சேர்த்தாள். கை நிற்கவில்லை. மூன்று நாள் எழுத முடியாமல் தவித்தவளுக்கு இப்போது கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

கீழே ஒரு பத்தி மிச்சம் இருந்தது. அதைப் பேராசிரியர் பேசுவதாகவே எழுதினாள்.

'இந்த ஆய்வைச் செய்தவர் வேறொரு பெண். அவர் பெயரை எடுத்துவிடச் சொன்னது நான்தான். இந்தக் கடிதத்தை நான் எழுதவில்லை. படித்துப் பார்க்கவும் இல்லை.'

ஒரே பக்கத்தில் அடங்கியது. அச்செடுத்தாள்.

உள்ளே போனபோது அவர் போனைத் தோளில் இடுக்கியபடி பேனாவைத் திறந்தார். காகிதத்தை அவர் முன்னால் வைத்தாள். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துடுங்க சார்."

மனதாரத்தான் சொன்னாள்.

அவர் போனை ஒரு கையால் பொத்தினார்.

"நீ அடிச்சா சரியாத்தாம்மா இருக்கும். எங்க போடணும்?"

கடைசி வரிக்கு நேர் கீழே விரலை வைத்துக் காட்டினாள்.