பன்னிரண்டு தலைமுறை

"உங்க வாசப் பலகையில அஞ்சு தலைமுறைதானா காட்டுது, சம்பந்தி?" என்று நிச்சயதார்த்தத்தன்று அமிர்தவல்லி சிரித்துக்கொண்டே கேட்டாள். அவள் வீட்டு வாசலில் பதினொன்று மின்னியது. கோமளத்துக்கு அன்று தின்ற சோறு செரிக்கவில்லை.

மறுநாளே தலைமுறைப் பதிவகத்துக்குப் போனாள். பழைய மக்கள்தொகைக் கணக்கில் அமிர்தவல்லி புருஷனின் முப்பாட்டன் வேலாண்டியைத் தேடிப்பிடித்து, "எங்க வீட்டுக்காரருக்கும் இவருதான் முப்பாட்டன்" என்று கைரேகை வைத்தாள். வேலாண்டியோடு அவருக்கு மேலே இருந்த ஆறு பேரும் சேர்ந்து வந்தார்கள். மகனையும் சேர்த்துப் பலகையில் பன்னிரண்டு!

"வந்து பாக்கட்டும், வயிறு எரியட்டும்" என்று பலகையை மூன்று முறை துடைத்தாள்.

மூன்றாம் நாள் அமிர்தவல்லியின் மகள், மருமகளாக வரவிருந்த இளவேனில்தான் வந்தாள். திருமணப் பதிவுக்கு வந்த பதிலைக் கோமளத்தின் மகன் முகுந்தனிடம் நீட்டினாள். அவன் வாய்விட்டுப் படித்தான்.

"இருவரும் வேலாண்டியின் ஆண்வழி வாரிசுகள். பங்காளிகள். அண்ணன் தங்கை முறை. பதிய இயலாது."

கோமளம் செருப்பை மாட்டினாள். "நான் போய் அழிக்கச் சொல்றேன்டா."

"சேத்த பாட்டனை யாராலயும் எடுக்க முடியாதும்மா. ஒனக்குத் தெரியாதா?"

இளவேனில் கோமளத்தை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்தாள். மோதிரத்தைக் கழற்றி முகுந்தன் உள்ளங்கையில் வைத்தாள். படியிறங்கிப் போனாள்.