ஆறு இருபது பஸ்

“ஒன்பது பேரா? யாரு சேர் எண்ணினது? கண்ணை மூடிக்கிட்டு எண்ணினாங்களா?”

றொசானா டீச்சர் போட்ட சத்தத்தில் கூட்டத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தலவாக்கலை நகர மண்டபத்தில் போக்குவரத்துத் திட்டக் கூட்டம். பத்து மணிக்கு என்று கடிதம் போட்டுவிட்டு, திட்ட அதிகாரி சுதாகரன் பதினொன்றரைக்குத்தான் வந்து சேர்ந்தார். கேட்டால், டவுனுக்குள் வாகன நெரிசலாம். நெரிசலைத் தீர்க்க வந்தவரே அதில் மாட்டிக்கொண்டது மற்றவர்களுக்குச் சிரிப்பாக இருந்தது. டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதில் தொடங்கியவர்தான், அரை மணி நேரமாக விடவில்லை.

“கொஞ்சம் பொறுமையாக் கேளுங்க டீச்சர்,” என்றார் சுதாகரன். “நகரம் பெருகிக்கிட்டே போகுது. ஆஸ்பத்திரிப் பக்கம் புதுசா எவ்வளவு வீடு, எவ்வளவு கடை! எல்லாரும் டவுனுக்குள்ள ஒரு சுற்றுப் பஸ் கேட்கிறாங்க. எங்களுக்கு வந்த நிதி ஒரே ஒரு பஸ்ஸுக்குத்தான். அதைக்கூட உங்க பச்சைமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு மாசம் ஓட்டிப் பார்த்தோம். காலையில ஆறு இருபது பஸ்ஸுக்கு ஒன்பது டிக்கட். ஒரு நாளும் பத்தைத் தாண்டலை. அதுக்காக அந்த மலையில ஏறி இறங்க முடியுமா, சொல்லுங்க.”

அந்த பஸ்ஸுக்காக டீச்சர் அலைந்த அலைச்சல் கொஞ்சநஞ்சமல்ல. மூன்று வருஷமாக மூன்று மொழியிலும் மனு எழுதினார். ஒவ்வொரு அதிகாரியும் அடுத்த அதிகாரியைக் கைகாட்டினார். தோட்டத்திலிருந்து டவுன் பாடசாலைக்கு நாலு கிலோமீட்டர் மழையில் நடந்து, வரவுப் புத்தகத்தில் பிந்தி வருகிறவர்களுக்கான சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டுப் போட்டு அவருக்கு மானமே போயிருந்தது. இப்போது கைக்கு வந்த பஸ்ஸையும் பறிக்கப் பார்க்கிறார்களே!

“சேர், அந்த பஸ்ல நிக்க இடம் இருக்காது. நானே எத்தனையோ நாள் மிதிபலகையில தொங்கிக்கிட்டு வந்திருக்கேன். கிளினிக் போற புள்ளத்தாச்சிங்க, கடைங்களுக்கு வேலைக்குப் போறவங்க, எல்லாரும் அதுலதான் வாறாங்க. தலைவர், நீங்க சொல்லுங்க!”

தோட்டத் தலைவர் செல்லசாமி தொண்டையைக் கனைத்தார். “சனம் இருக்கத்தான் செய்யுதுங்க சேர்,” என்றார். தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“சனம் இருந்தா டிக்கட் எங்கே?”

“அதைக் கொண்டக்டர்கிட்டக் கேளுங்க!” டீச்சர் கதவோரத்தைக் காட்டினார்.

அங்கேதான் அழகுமுத்து நின்றுகொண்டிருந்தான். பச்சைமலையிலேயே பிறந்து வளர்ந்தவன். அந்த பஸ்ஸின் கொண்டக்டர் என்பதால் டிப்போவிலிருந்து அவனையும் வரச் சொல்லியிருந்தார்கள்.

“காசை வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டு டிக்கட் அடிக்காம விட்டிருப்பான் சேர். ஊர்ப் பையன்னு நம்பினோம். எங்க வயித்துலயே அடிச்சிட்டான்!” என்று பொரிந்து தள்ளினார் டீச்சர்.

அழகுமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

“எவ்வளவு எடுத்தீங்க?” என்று கேட்டார் சுதாகரன்.

“யாருகிட்டயும் ஒரு சல்லி வாங்கலைங்க சேர்.”

“அப்போ பஸ் நிறைய வந்தவங்க?”

“சும்மாதாங்க வந்தாங்க.” அவன் குரல் இறங்கிப் போனது. “எல்லாரும் நம்ம லயத்து வீடுங்கள்ல இருக்கிற ஆளுங்க சேர். இந்தப் பக்கம் சித்தி உட்கார்ந்திருப்பாங்க, அந்தப் பக்கம் மாமா நிப்பாரு. எனக்கு இந்த வேலை கிடைச்சப்போ லயமே சேர்ந்து கோயில்ல தேங்காய் உடைச்சாங்க. அவங்ககிட்டப் போய் எப்படிங்க கை நீட்டுறது? வெளியாளுங்களுக்கு மட்டும்தான் டிக்கட் அடிச்சேன்.”

செல்லசாமி கூரையைப் பார்த்தார். கூட வந்திருந்த நாலு பேர் செருப்பைப் பார்த்தார்கள்.

“உனக்கு அறிவிருக்கா அழகுமுத்து?” டீச்சர் எழுந்தே விட்டார். “டிக்கட்டை வச்சுத்தானே பஸ் குடுக்கிறாங்க! பாசம் காட்டுறேன்னு எங்க பஸ்ஸுக்கே உலை வச்சிட்டியே! தலைவர், நீங்களுமா வெக்கமில்லாம ஓசியில ஏறினீங்க? உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நம்ம தோட்டம் இன்னும் இப்படியே கிடக்குது.”

செல்லசாமி மறுபடியும் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

சுதாகரன் கோப்பை மூடினார். “திங்கட்கிழமையில இருந்து பஸ் டவுன் சுற்றுக்குப் போகும். என்னால வேற ஒண்ணும் செய்ய முடியாது. அழகுமுத்து, உங்க மேல டிப்போவில விசாரணை வரும். வேலை நிலைக்குமான்னு சொல்ல முடியாது.”

பிறகு ஏதோ நினைத்தவராக டீச்சர் பக்கம் திரும்பினார். “ஆமா, நீங்களும் ஒரு மாசமா தினமும் அதுலதானே வந்தீங்க? உங்களுக்கும் இவர் டிக்கட் அடிக்கலையா?”

டீச்சர் பதில் சொல்வதற்குள் அழகுமுத்து முந்திக்கொண்டான்.

“ஐயோ, அப்படி இல்லைங்க சேர். டீச்சர் தினமும் கேட்டு வாங்குவாங்க. அவங்களை இதுல இழுக்காதீங்க.”

டீச்சருக்குச் சுரீரென்றது. முதல் நாள் அவர் நூறு ரூபாய் நோட்டை நீட்டியபோது, “உங்ககிட்ட வாங்கினா என் கை அழுகிப்போயிடும் டீச்சர்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தவன் இவன்தான். அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் நீட்டவில்லை. நீட்ட வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

“பார்த்தீங்களா?” சுதாகரன் தோட்டத்துக்காரர்களைப் பார்த்துச் சொன்னார். “படிச்சவங்கன்னா இப்படி இருக்கணும்.”

அரை மணி நேரமாக ஓயாமல் பேசிய றொசானா டீச்சர், அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.